திருமண ஒளிப்பதிவில் லென்சும் வியூஃபைண்டரும்

திருமண ஒளிப்பதிவு என்பது சடங்குகளை அவை நடக்கும்போதே வீடியோவாகப் பதிவு செய்யும் பணியாகும். தாலி கட்டும் நேரம் சில நொடிகளே. மறுபடி கட்டச் சொல்ல இயலாது. எனவே ஏற்ற லென்சையும் வியூஃபைண்டரையும் முன்கூட்டியே தேர்ந்துகொள்ள வேண்டும்.

ஒளியும் துளையும்

நொடிக்கு 25 சட்டகங்கள் பதிவாகும்போது ஷட்டர் வேகம் வழக்கமாக 1/50 நொடியில் வைக்கப்படுகிறது. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், இவ்வேகத்தில் மண்டப விளக்குகளின் மினுமினுப்பு பெரும்பாலும் படத்தில் தெரியாது. ஷட்டரை மாற்ற இயலாதபோது, ஒளியைக் கூட்ட எஞ்சுபவை லென்சின் துளையும் ஐ.எஸ்.ஓ. அளவும் ஆகும். ஐ.எஸ்.ஓ. மிகுந்தால் படத்தில் புள்ளிகள் தோன்றும். எஃப் எண் குறைந்தால் துளை பெரிதாகும், எஃப்/2.8 துளை எஃப்/4 துளையைவிட இரு மடங்கு ஒளியை உள்ளே விடும்.

கேமராவுடன் வரும் 18–55 மி.மீ. லென்சுகள் பலவற்றில், எஃப்/3.5 ஆக உள்ள துளை முழுதும் ஜூம் செய்கையில் எஃப்/5.6 ஆகச் சுருங்கும். முகத்தை நெருங்கும் வேளையில் ஒளி குறைந்துவிடும்.

குவியத் தூரம்

முழுச்சட்டகக் கேமராவில் 24–70 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் பெரும்பாலான சடங்குகளுக்குப் போதும். தொலைவிலிருந்து முகபாவங்களை எடுக்க 70–200 மி.மீ. லென்ஸ் உதவும். ஆனால், கெட்டிமேளம் ஒலித்ததும் அட்சதை தூவ அனைவரும் எழுந்து நிற்பதால் தொலைவிலிருப்பவருக்குக் காட்சி மறையும். அந்நேரத்தில் மணமேடை அருகே 35 மி.மீ. அளவில் எடுப்பதே பாதுகாப்பானது.

85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் மங்கிய ஒளியிலும் நன்கு எடுக்கும். எனினும் துளையை முழுதும் திறந்தால் மணமகனின் விரல்கள் தெளிவாகவும் மணமகளின் முகம் மங்கலாகவும் அமையக்கூடும்.

வியூஃபைண்டர்

டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் வீடியோ எடுக்கும்போது கண்ணாடி மேலே தூக்கப்படுவதால் ஒளியியல் வியூஃபைண்டர் இருண்டுவிடும். பின்திரையைத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடியற்ற கேமராவின் மின்னணு வியூஃபைண்டர், பதிவாகும் படத்தையே காட்டும். வெளிச்சம் மிகுந்த பந்தலிலும் அது தெளிவாகத் தெரியும். கேமராவை முகத்தோடு சேர்த்துப் பிடிப்பதால் கை நடுக்கமும் குறையும்.

கண் பார்வைக்கேற்ப வியூஃபைண்டரின் டையாப்டர் சக்கரத்தை முதலில் சரிசெய்ய வேண்டும். இல்லையெனில் தெளிவான படமும் மங்கலாகத் தோன்றும். வெள்ளை வேட்டி வெளிறிப் போவதை எச்சரிக்கும் வரிக்குறி வசதியும் பயனுள்ளது.

தேர்வு

ஒரே லென்ஸ் வாங்க இயலுமெனில், ஜூம் முழுதும் எஃப்/2.8 துளை மாறாத லென்ஸ் ஏற்றது. முகூர்த்தத்திற்கு முந்தைய மாலையே மணமேடை விளக்குகளை எரியவிட்டுச் சோதனைப் பதிவு செய்துகொள்வது நலம்.