இரும்பும் கொழுப்பும் ஒரே தட்டில்: ஊட்டச்சத்தின் அறிவியலும் உணவுரிமையும்

இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை, மூளை வளர்ச்சிக்கு ஒமேகா-3 என ஒவ்வொரு குறைக்கும் ஒரு சத்தைத் தனியே பரிந்துரைப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால், உடலுக்குள் தாதுக்களும் இன்றியமையாக் கொழுப்புகளும் ஒன்றையொன்று சார்ந்தே செயல்படுகின்றன.

லினோலெயிக், ஆல்ஃபா லினோலெனிக் ஆகிய இரு கொழுப்பமிலங்களை மனித உடலால் உருவாக்க இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும். கடுகெண்ணெய், ஆளி விதை போன்றவற்றிலுள்ள ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தின் சிறு பகுதியை, மூளைக்கும் விழித்திரைக்கும் தேவையான டிஎச்ஏ எனும் கொழுப்பாக உடல் மாற்றிக்கொள்கிறது. இம்மாற்றத்தை நிகழ்த்தும் நொதிகளின் மையத்தில் இரும்பு அணுக்கள் உள்ளன. அவற்றின் செயல்பாட்டுக்குத் துத்தநாகமும் துணைநிற்கிறது. இவ்விரு தாதுக்களும் குறைந்தால் மாற்றம் தளர்கிறது. செல்களில் சேர்ந்த கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் சிதையாமல் காக்கும் நொதிக்கோ செலினியம் தேவை.

தென்னாப்பிரிக்காவில் இரும்புச்சத்து குறைந்த பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. இரும்பு பெற்ற குழந்தைகளின் நினைவாற்றல் மேம்பட்டது. ஒமேகா-3 மட்டும் பெற்றோரிடம் அத்தகைய பயன் காணப்படவில்லை. இரத்தசோகை உடையோரிடம் சில சோதனைகளில் பின்னடைவே தென்பட்டது.

இந்தியாவின் நிலை என்ன? 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினரும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினரும் இரத்தசோகை உடையவர்கள். தானியத்தையே பெரிதும் நம்பிய உணவிலுள்ள ஃபைட்டேட், இரும்பையும் துத்தநாகத்தையும் பிணைத்து அவை உடலில் சேர்வதைத் தடுக்கிறது. முளைகட்டுதலும், கீரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ப்பதும் இத்தடையைக் குறைக்கும். இறைச்சியிலுள்ள இரும்போ எளிதில் உட்கிரகிக்கப்படுவதுடன், உடன் உண்ணும் தானியத்தின் இரும்பும் உடலில் சேர உதவுகிறது.

மாட்டிறைச்சியும் ஈரலும் இரும்பையும் துத்தநாகத்தையும் தருகின்றன. மத்தியும் நெத்திலியும் டிஎச்ஏவோடு செலினியத்தையும், முள்ளோடு உண்டால் கால்சியத்தையும் அளிக்கின்றன. முட்டையில் டிஎச்ஏ, துத்தநாகம், செலினியம் மூன்றும் உள்ளன. உழைக்கும் மக்கள் தம் அனுபவத்தால் போற்றிவந்த இவ்வுணவுகளைத்தான் சாதியம் 'தீட்டு' என்று இழிவுபடுத்தியது. 2015இல் மத்தியப் பிரதேசத்தின் பழங்குடிப் பகுதி அங்கன்வாடிகளில் முட்டை வழங்கும் முன்மொழிவை மாநில அரசு நிராகரித்ததும் இந்தத் தூய்மைவாதத்தின் நீட்சியே.

ஒரு முட்டை மறுக்கப்படும்போது, ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் பல சத்துகள் ஒருசேர மறுக்கப்படுகின்றன. மாத்திரை அவசியமானதே, ஆனால் அது உணவுக்கு மாற்றாகாது. எனவே, முட்டையும் மீனும் இறைச்சியும் விரும்பும் குழந்தைக்கு அவற்றைப் பொதுத் திட்டங்களின்வழி உறுதிசெய்வதைச் சலுகையாக அல்ல, உரிமையாகவே நாம் கோர வேண்டும்.