பொதி கட்டுவோர் பஞ்சாயத்து

2014 ஆகஸ்ட். அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் டெபியன் லினக்ஸைக் கட்டிக் காக்கும் தன்னார்வலர்களின் ஆண்டுக் கூட்டம். லினஸ் டோர்வால்ட்ஸ் கேள்வி பதிலுக்கு வந்திருந்தார். இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கர்னலை 1991இல் எழுதத் தொடங்கிய அதே ஆள். அவருக்குக் கடலில் முக்குளிக்கும் பழக்கம் உண்டு. எங்கே, எவ்வளவு ஆழம் போனோம் என்று பதிவு செய்துகொள்ள 2011இல் 'சப்சர்ஃபேஸ்' என்றொரு செயலியைத் தொடங்கியிருந்தார். விண்டோஸுக்கு நேரடியாக நிறுவும் கோப்பு தருகிறோம், மேக்குக்கும் தருகிறோம், லினக்ஸுக்குத் தருவதில்லை என்றார் கூட்டத்தில். லினக்ஸைப் பெற்றவராலேயே லினக்ஸுக்கு ஒரு செயலியைக் கட்டிக் கொடுக்க முடியவில்லை. கூடவே அச்சேற்ற முடியாத ஒரு வசவும் விழுந்தது.

லினக்ஸ் என்ற பெயரில் ஓடுவது ஒன்றல்ல, பல. கர்னல் எல்லாருக்கும் பொது. அதன்மேல் எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு என்று ஒவ்வொரு குழுவும் தன் இஷ்டப்படி முடிவெடுத்துக் கட்டித் தருவதுதான் டிஸ்ட்ரோ. டெபியன், உபுண்டு, மின்ட் மூன்றும் ஒரு வம்சம். செயலிகளை அவை கட்டித் தரும் பொதிக்கு 'டெப்' என்று பெயர். ஃபெடோராவும் ஓப்பன்சூஸேயும் 'ஆர்பிஎம்' கட்சி. ஆர்ச் தனி வழி.

பொதியின் வடிவம் வேறுபடுவது சின்னத் தொல்லைதான். வினை லைப்ரரிகளில் இருக்கிறது. உபுண்டு 22.04இல் கம்பைல் செய்த நிரலை எடுத்துப்போய் 20.04இல் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் 'ஜிலிப்சி 2.34 இல்லை' என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் படுத்துவிடும். ஜிலிப்சி என்பது ஏறக்குறைய எல்லா நிரல்களுக்கும் அடியில் கிடக்கும் சி லைப்ரரி. 20.04இல் இருப்பது அதன் 2.31ஆம் பதிப்பு, 22.04இல் 2.35. பழையதில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடாது. ஒரே டிஸ்ட்ரோவின் இரண்டு பதிப்புகளுக்கு நடுவிலேயே இப்படி.

இதற்கு டிஸ்ட்ரோக்கள் கண்ட விடை பராமரிப்பாளர் என்ற மனிதர். செயலியின் மூல நிரலை எடுத்து, தன் டிஸ்ட்ரோவின் லைப்ரரிகளோடு கம்பைல் செய்து, உரிமம் சரியா என்று பார்த்து, களஞ்சியத்தில் வைப்பார். பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. இந்த ஏற்பாட்டைப் பழைய பஞ்சாங்கம் என்று கேலி செய்வது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 'ஹார்ட்பிளீட்' ஓட்டை வெளியே தெரிந்தபோது டிஸ்ட்ரோக்கள் அந்த ஒரு லைப்ரரியைத் திருத்தி அனுப்பின. அதைப் பகிர்ந்துகொண்ட நிரல்கள் அத்தனைக்கும் அந்த ஒரே திருத்தம் போதுமானதாக இருந்தது.

ஆனால் செயலியை எழுதியவர் பக்கம் நின்று பார்த்தால் வேறு காட்சி. டெபியனின் நிலையான பதிப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. போன வருடமே சரிசெய்த பிழைக்கு இன்றைக்கும் அவருக்குப் புகார் வந்துகொண்டிருக்கும். சப்சர்ஃபேஸ் குழு முக்குளிப்புக் கருவிகளோடு பேசும் ஒரு லைப்ரரியைத் தங்களுக்கேற்ப மாற்றிக் கூடவே வைத்திருந்தது. பொதியில் லைப்ரரியின் தனிப் பிரதி கூடாது, பொதுவானதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது டெபியனின் நெறி. விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் தொடும் லைப்ரரிக்கும் இதே சட்டமா என்பதுதான் டோர்வால்ட்ஸின் கோபம்.

டிஸ்ட்ரோ முறை பந்திச் சாப்பாடு என்றால் மாற்று வழி கட்டுச்சோறு. செயலி தனக்கு வேண்டிய லைப்ரரிகளைத் தானே முடிந்துகொண்டு கிளம்புவது. இந்த யோசனை புதிதல்ல. சைமன் பீட்டர் என்பவர் 2004இலேயே 'கிளிக்' என்ற பெயரில் செய்து காட்டினார். அதுதான் பல வடிவம் எடுத்து இன்றைய ஆப்இமேஜ் ஆனது. ஒரே கோப்பு. தரவிறக்கி, இயக்க அனுமதி கொடுத்து, இரட்டைச் சொடுக்கு. நிறுவும் வேலையே கிடையாது, வேண்டாமென்றால் கோப்பை அழித்தால் முடிந்தது. சப்சர்ஃபேஸ் பின்னாளில் இந்த வழிக்குத்தான் வந்தது. ஆனால் எல்லாவற்றையும் சுமந்து வரும் ஆப்இமேஜுக்கும் தன் முடிச்சைத் தானே அவிழ்க்க 'லிப்ஃபியூஸ் 2' என்ற லைப்ரரி வெளியிலிருந்து வேண்டியிருந்தது. உபுண்டு 22.04 அதை முன்கூட்டியே நிறுவித் தராமல் விட, ஆப்இமேஜ்கள் திறக்காமல் பலர் திண்டாடினார்கள்.

2016இல் இதே கட்டுச்சோற்று வழியில் இரண்டு பெரிய முயற்சிகள் அடுத்தடுத்து வந்தன. உபுண்டுவின் கனோனிக்கல் நிறுவனம் 'ஸ்னாப்' கொண்டுவந்தது. ரெட் ஹேட் நிறுவனத்தில் வேலை பார்த்த அலெக்சாண்டர் லார்சன் அதற்கு முந்தைய ஆண்டு 'எக்ஸ்டிஜி-ஆப்' என்று வெளியிட்டிருந்ததற்கு ஃபிளாட்பேக் என்று புதுப் பெயர் வைத்தார். அவர் இதே சிக்கலோடு 2007இலிருந்தே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்.

ஃபிளாட்பேக்கின் சூட்சுமம் அதன் அடித்தளத்தில் இருக்கிறது. ஒவ்வொரு செயலியும் எல்லா லைப்ரரியையும் சுமப்பதில்லை. பலருக்கும் வேண்டியவற்றை 'ரன்டைம்' என்று ஒரு கட்டாகக் கட்டித் தனியே வைத்துவிடுகிறார்கள். ஃப்ரீடெஸ்க்டாப், ஜிநோம், கேடிஇ என்று மூன்று முக்கிய ரன்டைம்கள். 'ஃப்ரீடெஸ்க்டாப் 24.08 வேண்டும்' என்று செயலி கேட்டால் ஃபெடோராவோ மின்ட்டோ, எந்த டிஸ்ட்ரோவிலும் அதே 24.08தான் கிடைக்கும். அடியில் இருக்கும் ஜிலிப்சி எதுவென்று கவலை இல்லை. முதல் செயலியை நிறுவும்போது நூற்றுக்கணக்கான மெகாபைட் இறங்குவதைப் பார்த்துப் பலர் பதறுவது இதனால்தான். அதே ரன்டைமைக் கேட்கும் அடுத்த செயலிக்கு அந்தச் செலவு இல்லை. 'ஓஎஸ்ட்ரீ' என்ற சேமிப்பு முறை, ஒரே மாதிரியான கோப்பு இரண்டு ரன்டைம்களில் இருந்தாலும் வட்டில் ஒரு பிரதிதான் வைக்கும்.

அடித்தளம் ஒரு பாதி என்றால் இரண்டாவது பாதி காவல். செயலியை 'பபிள்ராப்' என்ற சிறு கருவி கர்னலின் துணையோடு ஒரு கூண்டுக்குள் வைத்து ஓட்டுகிறது. கூண்டிலிருந்து பார்த்தால் உங்கள் வீட்டு அடைவு தெரியாது. அப்படியானால் கோப்பைத் திறப்பது எப்படி? 'திற' என்று அழுத்தியதும் வருகிற கோப்புத் தேர்வுப் பெட்டி செயலியுடையதல்ல. கூண்டுக்கு வெளியே இயங்கும் 'போர்ட்டல்' காட்டுவது. நீங்கள் தொட்ட அந்த ஒரு கோப்பை மட்டும் போர்ட்டல் உள்ளே நீட்டும். அழகான ஏற்பாடு. நடைமுறையில் எத்தனையோ செயலிகள் வீட்டு அடைவு முழுவதற்கும் அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வருகின்றன. அப்போது கூண்டு பேருக்குத்தான்.

கருவி தயாராவது ஒன்று, ஊர் ஏற்பது வேறொன்று. இந்தக் கதையில் தொழில்நுட்பத்தைவிட எனக்குச் சுவையாகப் படுவது இந்த இரண்டாவது விஷயம்தான். பயனருக்கும் செயலிக்கும் நடுவிலிருந்து பராமரிப்பாளரை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் யாரை உட்கார வைப்பது?

ஸ்னாப் இந்தக் கேள்வியில்தான் சறுக்கியது. கணினியில் ஓடும் ஸ்னாப் நிரல் திறந்த மூலம். ஆனால் அது பொதி எடுக்கும் கடை கனோனிக்கலுடையது, அந்தக் கடையை நடத்தும் நிரல் மூடியது. உபுண்டு 20.04இல் குரோமியம் உலாவியின் டெப் பொதி வெறும் கூடு. நிறுவினால் ஸ்னாப்பை இழுத்து வரும். உபுண்டுவின் மேல் கட்டப்பட்ட மின்ட் இதைக் கண்டு கொதித்து, 2020இல் வந்த மின்ட் 20இல் ஸ்னாப் தானாக நுழையாதபடி கதவைச் சாத்தியது. சர்வர்களுக்கும் கட்டளைவரிக் கருவிகளுக்கும் ஸ்னாப் நன்றாகவே உதவுகிறது. ஃபிளாட்பேக் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. ஆனாலும் சாவி ஒரு நிறுவனத்தின் மடியில் இருக்கும்வரை மற்ற டிஸ்ட்ரோக்கள் மனம் ஒப்புவது கடினம். மறுபக்கம், 2023இல் உபுண்டுவின் கிளை டிஸ்ட்ரோக்கள் ஃபிளாட்பேக்கை முன்கூட்டி நிறுவித் தருவதில்லை என்று முடிவெடுத்தன.

ஃபிளாட்பேக் பக்கம் கடை நிரலும் திறந்தது, யார் வேண்டுமானாலும் கடை போடலாம். அப்படி 2017இல் முளைத்த ஃப்ளாட்ஹப் இன்று முக்கியச் சந்தை. அங்கே ஒரு செயலியைச் சேர்ப்பது எப்படியென்று கிட்டப்போய்ப் பார்த்தால் அதன்மேல் இருக்கும் நம்பிக்கை எதிலிருந்து வருகிறது என்று புரியும். செயலியை எழுதியவரோ வேறொரு ஆர்வலரோ ஒரு 'மேனிஃபெஸ்ட்' எழுதுகிறார். எந்த ரன்டைம், எந்தெந்த மூலக் கோப்புகள், ஒவ்வொன்றின் சரிபார்ப்புத் தொகை என்ன, கூண்டில் எந்தெந்தச் சன்னல் திறந்திருக்க வேண்டும் என்ற விவரம் அவ்வளவும் அதில் இருக்கும். கிட்ஹப்பில் அது எல்லார் பார்வைக்கும் வைக்கப்படும். பரிசீலகர்கள் வரிவரியாகக் கேள்வி கேட்பார்கள்: வீட்டு அடைவு முழுவதும் எதற்கு, பதிவிறக்க அடைவு போதாதா? தேறிய பிறகு ஃப்ளாட்ஹப்பே அதைக் கட்டும். கட்டும் நேரத்தில் இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்டிருக்கும், பட்டியலில் இல்லாத எதுவும் உள்ளே நுழையக் கூடாதென்று. 2023 முதல், செயலியை எழுதியவரே வெளியிடுகிறார் என்பதைத் தன் வலைத்தளத்தின் வழியோ வேறு வழியிலோ நிரூபித்தால் ஒரு சரிபார்ப்புக் குறி கிடைக்கிறது.

உதவி எதிர்பாராத திசையிலிருந்தும் வந்தது. 2022இல் வால்வ் நிறுவனம் ஸ்டீம் டெக் என்ற கைவிளையாட்டுக் கணினியை விற்கத் தொடங்கியது. உள்ளே ஆர்ச் வழி வந்த லினக்ஸ். அமைப்புக் கோப்புகள் பூட்டிக் கிடக்கும். டெஸ்க்டாப் பக்கம் போய்ச் செயலி தேடினால் கிடைப்பது ஃப்ளாட்ஹப். டிஸ்ட்ரோ என்ற சொல்லையே கேள்விப்படாத விளையாட்டுப் பிள்ளைகள் ஃபிளாட்பேக் பயனர்களானார்கள். 2024 தொடக்கத்தில் பத்து லட்சம் பயனர்களைத் தாண்டிவிட்டதாக ஃப்ளாட்ஹப் அறிவித்தது.

ஆனால் யாரும் கடை போடலாம் என்றால் சண்டையும் வரும். ஃபெடோரா தன் சொந்த ஃபிளாட்பேக் களஞ்சியத்தையும் நடத்துகிறது. காணொளிப் பதிவுக்கும் நேரலைக்கும் பேர்போன ஓபிஎஸ் ஸ்டுடியோவை ஃபெடோரா தானே கட்டி வைக்க, அதில் கோளாறுகள். பயனர்கள் அது அதிகாரப்பூர்வமானது என்று நம்பி ஓபிஎஸ் குழுவிடம் முறையிட்டார்கள். 2025 பிப்ரவரியில் ஓபிஎஸ் குழு, எங்கள் பெயரை எடுங்கள், இல்லாவிட்டால் சட்டப்படி போவோம் என்றது. ஃபெடோரா தரப்பில் சிலர், ஃப்ளாட்ஹப்பில் நீங்கள் வைத்திருப்பதே ஆயுள் முடிந்த ரன்டைமில் அல்லவா ஓடுகிறது என்று திருப்பிக் கேட்டார்கள். புது ரன்டைமில் வந்த கியூடி லைப்ரரியின் பிழைகளால்தான் பழையதில் நிற்கிறோம் என்றது ஓபிஎஸ். கடைசியில் ஃபெடோரா தன் பொதியை விலக்கிக்கொண்டது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்றுதான் சொல்வேன். பராமரிப்பாளர் காலத்தில் லைப்ரரியின் ஓட்டையை அடைப்பது அவர் தலைவலி. இப்போது பாதி ரன்டைம் கட்டுவோர் தலையிலும், மீதி செயலி எழுதுவோர் தலையிலும். ஆயுள் முடிந்த ரன்டைமைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் செயலிகள் ஃப்ளாட்ஹப்பில் இன்னும் உண்டு. அவற்றை நிறுவும்போது வரும் எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்?

நீங்களே பார்க்க விரும்பினால் லினக்ஸ் மின்ட் எளிது, 2017இன் 18.3 பதிப்பிலிருந்தே ஃபிளாட்பேக் ஆதரவு கூடவே வருகிறது. 'ஃபிளாட்சீல்' என்ற செயலியை நிறுவிக்கொண்டால் எந்தச் செயலிக்கு எந்தச் சன்னல் திறந்திருக்கிறது என்று பார்த்து, வேண்டாததைச் சாத்திவிடலாம். தமிழில் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடம் மிச்சப்படுத்த, கணினியில் அமைத்திருக்கும் மொழிகளுக்கான மொழிபெயர்ப்புகளை மட்டும்தான் ஃபிளாட்பேக் இறக்கும். கணினி ஆங்கிலத்தில் இருந்தால் தமிழ்க் கோப்புகள் வரவே வராது. ஃபிளாட்பேக்கின் அமைப்புக் கட்டளையில் மொழிப் பட்டியலுக்குள் தமிழைச் சேர்த்துவிட்டு ஒருமுறை புதுப்பித்தால் வந்துவிடும். செயலியை யாராவது தமிழில் பெயர்த்து வைத்திருந்தால்.