பார்வை தெளிவாக இருக்கும்போதே லேசர் எதற்கு?

“செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிக்கிறேனே, டாக்டர். பிறகு எதற்கு லேசர்?” விழித்திரைப் பிரிவில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது.

கேள்வி நியாயமானது. வலி இல்லை, கண் சிவக்கவில்லை, எழுத்தும் மங்கவில்லை. அந்நிலையில் கண்ணுக்குள் சூடு போட வேண்டும் என்றால் எவருக்கும் தயக்கம் எழும். அத்தயக்கத்தோடு வீடு திரும்பி, பல மாதங்கள் கழித்து ஒரு கண்ணில் இருள் சூழ்ந்த நிலையில் வருவோரையும் நாங்கள் காண்கிறோம். ஆகவே இக்கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை கூற விரும்புகிறோம்.

நோய் வளரும் விதம்

கண்ணின் உட்சுவரில் படர்ந்துள்ள மெல்லிய நரம்புப் படலமே விழித்திரை. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால், அதன் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நைந்து போகின்றன. சில கசிகின்றன; சில அடைபடுகின்றன. குருதியோட்டம் குறைந்த பகுதிகள் பிராணவாயு இன்றித் தவித்து, புதுக் குழாய்களை முளைக்கச் செய்யும் ஒரு பொருளைச் சுரக்கின்றன. அவ்வாறு முளைப்பவை வலுவற்றவை. அவை உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம் பரவும். அவற்றோடு வளரும் தழும்புத் திசு சுருங்கினால் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும்.

எழுத்தைப் படிக்க உதவுவது விழித்திரையின் மையப்பகுதி. அது பாதிக்கப்படாத வரை, ஓரங்களில் நோய் முற்றியிருந்தாலும் நமக்குத் தெரிவதில்லை. சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரித்துப் பார்க்கும் பரிசோதனையிலேயே அது புலப்படுகிறது.

லேசர் செய்வதும் செய்யாததும்

புதுக் குழாய்கள் முளைத்த கண்ணில், விழித்திரையின் ஓரப்பகுதிகளில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட நுண்புள்ளிகளாக ஒளிச்சூடு இடப்படுகிறது. இதனால் அப்பகுதிகளின் பிராணவாயுத் தேவை குறைகிறது; சுரப்பு அடங்குகிறது; புதுக் குழாய்கள் சுருங்குகின்றன. 1970களில் அமெரிக்காவில் நடைபெற்ற பெரிய ஆய்வு, இச்சிகிச்சை கடுமையான பார்வை இழப்பின் அபாயத்தைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கிறது என நிறுவியது.

இழந்த பார்வையை லேசர் மீட்டுத் தருவதில்லை. இருப்பதைக் காப்பதே அதன் பணி. அதற்கு ஒரு விலையும் உண்டு. இரவுப் பார்வையும் பக்கவாட்டுப் பார்வையும் ஓரளவு குறையலாம். மையப்பகுதியில் சில காலம் வீக்கம் தோன்றலாம். இதை முன்கூட்டியே அறிந்து கொள்வது உங்கள் உரிமை. இரவில் வாகனம் ஓட்டுவதே பிழைப்பு எனில், அதை மருத்துவரிடம் அவசியம் கூறுங்கள்.

ஊசி போதாதா?

மையப்பகுதியில் நீர் கோத்தவர்களுக்குக் கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்தே இன்று பெரும்பாலும் முதன்மைச் சிகிச்சை. புதுக் குழாய்களையும் அது சுருங்கச் செய்யும். ஆனால் மருந்தின் வீரியம் சில வாரங்களில் குறைந்துவிடும். மீண்டும் மீண்டும் வர வேண்டும். இடையில் வருகை நின்றால் நோய் சீறி எழக்கூடும். தொலைவிலிருந்து வருவோரும், கூலி வேலையை விட்டு வருவோரும், துணைக்கு ஆளில்லாதோரும் இதை எண்ணிப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். சிலருக்கு இரண்டு சிகிச்சையும் தேவைப்படும்.

சிகிச்சை நாளில்

பொதுவாக உணவையும் வழக்கமான மருந்துகளையும் நிறுத்த வேண்டியதில்லை. மரத்துப்போகச் சொட்டு மருந்திட்டு, அமர்ந்த நிலையிலேயே சிகிச்சை நடைபெறும். பளிச்சிடும் ஒளி தெரியும். சிலருக்குச் சுருக்கென்று குத்தும். வலி மிகுந்தால் கூறுங்கள், நிறுத்தி நிறுத்திச் செய்யலாம். பெரும்பாலும் சில அமர்வுகளாகப் பிரித்தே செய்யப்படும். அன்றே வீடு திரும்பலாம். சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும் என்பதால் துணைக்கு ஒருவர் வருவது நலம்.

குடும்பத்தாருக்கு

லேசர் முடிந்தது, இனி கவலையில்லை என எண்ணிவிட வேண்டாம். சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் கட்டுக்குள் இல்லையெனில் நோய் தொடரும். மறுபரிசோதனைத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். கண்முன் திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்தாற்போல் மறைத்தாலோ, அன்றே அழைத்து வாருங்கள்.

முடிவெடுக்குமுன் விழித்திரைப் படத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எங்கே கசிவு, எங்கே புதுக் குழாய் என்பதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். ஐயங்களை வீட்டுக்குக் கொண்டு செல்லாமல் எங்களிடமே கேட்டுத் தெளிந்து செல்லுங்கள். செய்தித்தாளை வரி விடாமல் படிக்கும் காலமே சிகிச்சைக்கு ஏற்ற காலம்.