தார்ச்சாலையின் ஆயுள் கணிப்பு

தார்ச்சாலையின் ஆயுள் கணிப்பு என்பது, ஒரு சாலை எவ்வளவு போக்குவரத்தைத் தாங்கியபின் பழுதடையும் என்பதை முன்கூட்டியே கணக்கிடும் முறையாகும். விடையை ஆண்டுகளில் சொன்னாலும், கணக்கு வண்டி அச்சுகளின் எண்ணிக்கையில்தான் நடக்கிறது.

பல்லடம் வழியாகச் செல்லும் கோயம்புத்தூர்–திருச்சி நெடுஞ்சாலையில் நூல் மூட்டையும் கோழித்தீவனமும் ஏற்றிய லாரிகள், கார்கள், இருசக்கர வண்டிகள் எல்லாம் ஓடுகின்றன. சாலையைச் சேதப்படுத்துவதில் அவற்றின் பங்கு சமமன்று. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கருகே 1958 முதல் 1960 வரை சோதனைச் சாலைகளில் லாரிகளை ஓட்டிப் பார்த்தனர். அதிலிருந்து பெறப்பட்டதே நான்காம் அடுக்கு விதி: அச்சின் சுமை இரு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும்.

இந்தியாவில் 80 கிலோநியூட்டன், அதாவது சுமார் 8,160 கிலோ சுமையுள்ள ஒற்றை அச்சு ‘நியம அச்சு’ எனப்படுகிறது. 816 கிலோ தாங்கும் கார் அச்சு 10,000 முறை கடந்தால்தான் ஒரு நியம அச்சின் சேதம் உண்டாகும். அதனால் கார்களைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 2018இல் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சின் சட்ட வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. சுமை கூடியது 13 விழுக்காடு; சேதமோ சுமார் 62 விழுக்காடு கூடும்!

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு தடத்தில் நாளொன்றுக்கு 500 லாரிகள், லாரிக்குச் சராசரி 2.5 நியம அச்சு, ஆண்டு வளர்ச்சி 5 விழுக்காடு எனக் கொள்வோம். 15 ஆண்டுகளில் மொத்தம் சுமார் 98 லட்சம் நியம அச்சுகள் வரும். அதற்கென அமைத்த சாலையில் அதிகப் பாரம் ஏற்றி, 2.5 என்பது 4 ஆனால், அதே எண்ணிக்கை பத்தரை ஆண்டிலேயே முடிந்துவிடும். லாரி ஒன்றுகூட அதிகமாக வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியச் சாலைகள் காங்கிரசின் ஐ.ஆர்.சி. 37 வழிகாட்டி இருவகைப் பழுதுகளைக் கணிக்கிறது: தார்ப்படலத்தின் அடியில் தொடங்கி மேலேறும் களைப்பு விரிசல், சக்கரத் தடப் பள்ளம். பள்ளத்தின் சராசரி ஆழம் 20 மில்லிமீட்டரை எட்டினால் சாலையின் ஆயுள் முடிந்ததாகக் கொள்வர்.

அடிமண்ணின் வலிமையை நான்கு நாள் நீரில் ஊறவைத்தே சோதிப்பதால் மழைக்கும் கணக்கில் இடமுண்டு. ஆனால், குழாய் பதிக்கத் தோண்டி ஒப்புக்கு மூடிய பள்ளமும் அடைத்துப்போன வடிகாலும் எந்தச் சூத்திரத்திலும் இல்லை. ஆகவே பயன்பாட்டிலுள்ள சாலையின் மீது ஓர் எடையை விழச்செய்து, அது எவ்வளவு அமுங்குகிறது என அளந்து, மீதி ஆயுளைத் திருத்திக் கணக்கிடுகின்றனர்.