பனியன் துணிக்குள் பாயும் அலைகள்

திருப்பூரிலிருந்து கப்பலேறும் டி-சர்ட்டுகள் பலவற்றின் விலை அட்டைக்குள் மெல்லிய அலுமினியக் கோடு ஒன்று இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வளைந்து வளைந்து ஓடும் ஆன்டெனாவும், நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர் அளவுச் சில்லும் தெரியும். இதுதான் ஆர்.எஃப்.ஐ.டி. டேக். இதற்கு பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே உள்ளே எத்தனை உருப்படி, என்னென்ன சைஸ் என்று கிடங்கில் எண்ணிவிடுகிறார்கள்.

அந்தக் கோட்டை எங்கே வளைப்பது, எவ்வளவு நீளம் விடுவது என்பதெல்லாம் இன்று பெரும்பாலும் கணினித் திரையில்தான் முடிவாகிறது.

இந்தியாவில் இந்த டேக்குகளைப் படிக்கும் அலைவரிசை 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது. அமெரிக்காவில் 902 முதல் 928 வரை. திருப்பூரை அடுத்த முதலிபாளையத்தில் பேக் ஆகும் பெட்டி இரண்டு நாட்டிலும் பேச வேண்டும். பெட்டிக்குள்ளோ டேக்குகள் நெருக்கியடித்துக் கிடக்கும். பக்கத்து டேக்கின் உலோகமே ஆன்டெனாவின் சுருதியைக் கலைத்துவிடும். மழைக்கால ஈரத்தைப் பருத்தி உறிஞ்சிக்கொண்டால் சுருதி இன்னும் இறங்கும். ஒவ்வொரு நிலைக்கும் மாதிரி செய்து சோதித்துக்கொண்டிருந்தால் சீசனே முடிந்துவிடும்; அதனால்தான் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள்.

மின்காந்த அலைகளின் சமன்பாடுகளை ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1865-இலேயே வெளியிட்டுவிட்டார். நேர்க்கம்பி, கோளம் போன்ற எளிய வடிவங்களுக்கு அவற்றைத் தாளில் தீர்க்கலாம். அடுக்கிவைத்த துணிக்கட்டுக்கு அது நடக்காது. 1966-இல் கேன் யீ ஒரு வழி சொன்னார். டிசைனர் கட்டத்தாளில் பின்னலை வரைவதுபோல, வெளி முழுவதையும் சின்னச் சின்னக் கனசதுரங்களாக வெட்டிக்கொள்ள வேண்டும். விளிம்புகளில் மின்புலம், முகங்களில் காந்தப்புலம். இப்போதைய மின்புலத்திலிருந்து சற்று நேரம் கழித்துவரும் காந்தப்புலத்தைக் கணக்கிடலாம். அதிலிருந்து மீண்டும் மின்புலம். கூட்டல், கழித்தல், பெருக்கல்தான்; ஆனால் கோடானுகோடி முறை. கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் நினைவகம் 8 மடங்கும் கணக்கு வேலை 16 மடங்கும் கூடும். கணினிகள் வளர வளரத்தான் இந்த முறை ஆய்வுக்கூடங்களில் பரவலாக வேரூன்றியது.

சாயத் தொழிலிலும் இத்தகைய மின்காந்தக் கணக்குக்கு வேலை உண்டு. கோடு போட்ட பனியனுக்கு நூலையே சாயமேற்றுவார்கள். ஹைட்ரோ எந்திரத்தில் பிழிந்தெடுத்த நூல் கோன்களை ஆர்.எஃப். டிரையருக்குள் அனுப்புகிறார்கள். அங்கே மின்முனைகளுக்கிடையே 27.12 மெகாஹெர்ட்ஸ் மின்புலம், அதாவது நொடிக்கு 2 கோடியே 71 லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்று. வெப்பக்காற்று கோனை வெளியிலிருந்து உள்ளே காயவைக்கும். இந்தப் புலமோ தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கேயே சூட்டை உண்டாக்கும். ஈரம் அதிகமுள்ள இடம் அதிக ஆற்றலை எடுத்துக்கொள்ளும். காய்ந்த இடம் கிட்டத்தட்ட ஒதுங்கிக்கொள்ளும். பருத்தி நூல் மஞ்சளாகாமல் தப்புவதற்கு இது பெரிய உதவி.

ஆனால் மின்முனையின் கூரான ஓரத்தில் புலம் குவியும். அளவு மீறினால் பொறி பறந்து கோன் கருகும். 27.12 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். பல மீட்டர் நீளமுள்ள மின்முனையில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் வோல்டேஜ் ஒரே மாதிரி இருக்காது. இந்த ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யும் வடிவத்தைத் தேட, எந்திரத்தைச் செய்வதற்கு முன்பே சிமுலேஷனில் ஓட்டிப் பார்க்கலாம். அலைநீளம் பெரிது, கோனோ சிறிது என்பதால் இங்கே யீயின் கட்டங்களைவிட, வளைவுகளோடு ஒத்துப்போகும் ஃபைனைட் எலிமென்ட் முறைதான் பொருத்தம்.

இவ்வளவும் செய்யும் கணினிக்குத் துணியைப் பற்றி எதுவும் தெரியாது. அதற்கு நாம் ஒரு எண்ணைக் கொடுக்க வேண்டும்: ஒரு பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு இணங்குகிறது என்று சொல்லும் மின்காப்பு மாறிலி. வெற்றிடத்துக்கு 1. காற்று நிறைந்த காய்ந்த பருத்தித் துணிக்குப் பொதுவாக 2-க்குள். தண்ணீருக்குச் சுமார் 80. பருத்தி இயல்பாகவே 8.5 சதவீதம் ஈரம் ஏற்கும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். ஆக, 140 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) சிங்கிள் ஜெர்சிக்கும் 280 ஜி.எஸ்.எம். ஃபிளீஸுக்கும், ஆடிக்காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் எண் மாறும். தவறான எண்ணைக் கொடுத்தால் திரையில் அழகான வண்ணப் படம் வரும், டேக் வேலை செய்யாது.

அந்த எண்ணைத் துல்லியமாகச் சொல்லத் திருப்பூரைவிடத் தகுந்த ஊர் எது? ஜி.எஸ்.எம்., லூப் நீளம், ஈரம் என்று துணியைக் கையால் தொட்டே சொல்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். முதலிபாளையம் சிட்கோவிலேயே நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி இருக்கிறது. அளந்து சரிபார்க்கச் சென்னையில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது. ஓப்பன்இ.எம்.எஸ். போன்ற மென்பொருள் இலவசம். சிறிய கணக்குகளுக்குச் சாதாரண கம்ப்யூட்டரே போதும்.

பின்னலாடை படிக்கும் மாணவரும் மின்னணுவியல் படிக்கும் மாணவரும் சேர்ந்து, திருப்பூர்த் துணி ரகங்களின் மின்காப்பு மாறிலியை ஈர அளவு வாரியாக அளந்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஓர் அட்டவணை வெளியிட வேண்டும். துணி தர பனியன் கம்பெனிகளும், இடம் தர கல்லூரிகளும் முன்வர வேண்டும்.