ஊசி குத்தினால் மூளையில் என்ன மாறுகிறது?

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒற்றைத் தலைவலி உள்ள ஒரு பெண், 30 நாள் தொடர்ந்து தினமும் எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்தார். ஒவ்வொரு முறையும் மூக்கில் சிறிது அம்மோனியா வாயுவைச் செலுத்தி, அந்தச் சுருக்கென்ற எரிச்சலுக்கு மூளை எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று பதிவு செய்தார்கள். அந்த மாதத்தில் அவருக்கு மூன்று முறை தலைவலி வந்தது. ஆய்வாளர்கள் காத்திருந்ததும் அதற்காகத்தான். வலி தொடங்குவதற்கு முந்தைய 24 மணி நேரத்திலேயே மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி வழக்கத்துக்கு மாறாக இயங்கியிருந்தது. முகத்திலிருந்து வரும் வலிச் செய்திகளை வாங்கும் மூளைத்தண்டுப் பகுதியுடன் அதன் தொடர்பும் மாறியிருந்தது. வலி வந்த பிறகோ, அந்தத் தொடர்பு மூளைத்தண்டின் வேறோர் இடத்துடன் கூடியிருந்தது. லாரா ஷுல்ட்டே, ஆர்னே மே இருவரும் 2016-இல் இதை வெளியிட்டார்கள்.

ஒரே ஒரு நோயாளியைப் பார்த்த ஆய்வுதான். ஆனாலும், தலைவலிக்கு முதல் நாளே கொட்டாவி கொட்டாவியாக வருகிறது, காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது, சாப்பாட்டில் நாட்டம் மாறுகிறது என்று நோயாளிகள் காலங்காலமாகச் சொல்லி வந்ததற்கு இது பொருந்துகிறது. தூக்கம், பசி இவற்றையெல்லாம் ஆள்வது ஹைப்போதலாமஸ். தலையின் ரத்தக் குழாய்கள் விரிவதுதான் ஒற்றைத் தலைவலி என்று முன்பு நினைத்தார்கள். இன்று இதை மூளையின் இணைப்புகள் தடுமாறும் நோயாகப் பார்க்கிறார்கள். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் 8 நாளாவது ஒற்றைத் தலைவலியின் குணத்தோடு, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வகை.

இணைப்பு என்று இங்கே சொல்வது எதை? 1995-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பரத் பிஸ்வாலும் கூட்டாளிகளும், எந்த வேலையும் செய்யாமல் சும்மா படுத்திருப்பவர்களின் மூளையைப் படமெடுத்தார்கள். கையசைவை ஆளும் இடப் பகுதியும் வலப் பகுதியும், கை அசையாதபோதும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின. அப்படிச் சேர்ந்து ஏறி இறங்குவதைத்தான் செயல்சார் இணைப்பு என்கிறார்கள். கருவி அளப்பதும் நரம்பணுக்களின் பேச்சை அல்ல, ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதை. ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மின்சாரம் வாங்கும் இரண்டு வீடுகளில் விளக்குகள் ஒன்றாக மங்கினால், ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குக் கம்பி போகிறது என்று முடிவு கட்ட முடியாது. மூளைப் படங்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

இனி அக்குபங்சர் ஊசிக்கு வருவோம். நடுமூளையின் நடுவே ஓடும் மெல்லிய நீர்க்குழாயைச் சுற்றி ஒரு சாம்பல் நிறப் பகுதி இருக்கிறது. உடலின் சொந்த வலிநிவாரணக் கேந்திரம் அது. 1969-இல் டேவிட் ரெனால்ட்ஸ் எலிகளில் இந்த இடத்தை மின்சாரத்தால் தூண்டி, மயக்க மருந்தே இல்லாமல் அவற்றின் வயிற்றை அறுத்துக் காட்டினார். சீனாவின் செங்டு நகரிலுள்ள பாரம்பரிய மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்களிடம் இந்தப் பகுதிக்கும் மூளையின் முன்புறத்துக்கும் இடையிலான இணைப்பு தளர்ந்திருப்பதாக 2016-இல் எழுதினார்கள். அக்குபங்சர் சிகிச்சைக்குப் பின் தலைவலி குறைந்தவர்களிடம் இணைப்பு இயல்பை நோக்கித் திரும்பியது என்பது அவர்கள் வாதம்.

படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வலி குறைந்த எவருடைய மூளையும் கொஞ்சம் மாறித்தான் இருக்கும், அது மாத்திரையால் குறைந்தாலும் சரி. மாற்றியது ஊசியா, ஊசி குத்திக்கொண்டோம் என்ற நம்பிக்கையா? இதைப் பிரித்தறியப் போலி ஊசி வேண்டும். 1998-இல் ஹைடெல்பர்க் நகரின் கொன்ராட் ஸ்ட்ரைட்பெர்கர் அப்படியொன்றை அறிமுகப்படுத்தினார். தோலைத் தொட்டதும் ஊசி கைப்பிடிக்குள் போய்விடும். குத்துப்பட்ட உணர்வு உண்டு, உள்ளே இறங்குவது கிடையாது.

போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட முடிவுகள் விசித்திரமானவை. ஜெர்மனியில் 302 பேரிடம் நடந்து 2005-இல் வெளியான சோதனையில், மரபு சொல்லும் புள்ளிகளில் குத்தப்பட்டவர்களில் 51 சதவீதத்தினருக்குத் தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தன. புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 53 சதவீதம்! சும்மா காத்திருந்தவர்களில் 15 சதவீதம்தான். ஆக, ஊசி பலன் தருகிறது. எங்கே குத்துகிறோம் என்பதுதான் அங்கே பெரிதாகத் தெரியவில்லை. பின்னர் 2020-இல் சீனாவில், அதுவரை அக்குபங்சர் பார்த்தேயிராத 150 பேரிடம் உள்ளிறங்காத போலி ஊசியை வைத்துச் சோதித்தபோது, நிஜ ஊசி கொஞ்சம் முந்தியது: தலைவலி நாட்கள் 3.9 குறைந்தன, போலியில் 2.2. வித்தியாசம் உண்டு, ஆனால் போலியின் பங்கையும் கவனியுங்கள். போலி மருந்து வலியைக் குறைக்கும்போது இயங்கும் பாதைகளில் ஒன்றும் அதே நடுமூளைச் சாம்பல் பகுதி வழியாகவே போகிறது. அந்தப் பகுதி விழித்துக்கொண்டதைக் காட்டி ஊசியின் தனிச்சிறப்பை நிரூபிக்க முடியாது என்பதே என் வாதம்.

இந்தத் துறையின் படங்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிரெய்க் பென்னெட் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு செத்த சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டினார். கணக்கில் தேவையான திருத்தத்தைச் செய்யாமல் விட்டபோது மீனின் மூளையில் ஓரிடம் ஒளிர்ந்தது. 2012-இல் இதற்கு, வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக்நோபல் பரிசு கிடைத்தது. மூளையை ஆயிரக்கணக்கான கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் சோதித்தால், தற்செயலாகவே சில கட்டங்கள் மின்னும். சில பத்து நோயாளிகளை மட்டும் வைத்துச் செய்யும் அக்குபங்சர் ஆய்வுகளில் இந்த ஆபத்து அதிகம்.

பெரும்பாலான சோதனைகள் எப்போதாவது தலைவலி வருபவர்களிடம் நடந்தவை. நாள்பட்ட வகைக்கு 2011-இல் தைவானில் 66 பேரிடம் நடந்த சோதனை ஒன்று உண்டு. மாதத்தில் கடுமையான, மிதமான தலைவலி நாட்கள் டோபிராமேட் மாத்திரையால் 19.8-லிருந்து 12-க்கும், அக்குபங்சரால் 20.2-லிருந்து 9.8-க்கும் இறங்கின. பக்கவிளைவு மாத்திரைக்காரர்களில் 66 சதவீதம், ஊசிக்காரர்களில் 6 சதவீதம். ஆனால் யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது நோயாளிகளுக்குத் தெரியும், போலி ஊசிக் குழுவும் இல்லை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, டோபிராமேட், புரோப்ரனலால் ஆகிய இரண்டு மருந்துகளும் ஒத்துவராதவர்களுக்கு 5 முதல் 8 வாரத்தில் 10 அமர்வு வரை அக்குபங்சரைப் பரிசீலிக்கலாம் என்று 2012-இல் வழிகாட்டியது. மூளைப் படங்களுக்காக அல்ல, தலைவலி நாட்களை எண்ணிப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னது.