பல்லின் வேரைத் துப்புரவு செய்யும் நுண்கருவிகள்

எமது நண்பரொருவர் பற்கொதி தாளாது பல்வைத்தியரை நாடினார். முதல்நாட் சிகிச்சையிலேயே கொதி அடங்கிற்று. "இனி எதற்கு?" என்று மீண்டும் செல்லாது விட்டார். சில மாதங்களிற் கன்னம் வீங்கிப் பல்லையே பிடுங்க நேர்ந்தது. அவர் இடையில் நிறுத்திய சிகிச்சை யாதென நாம் அறிந்திருத்தல் நன்று.

பல்லின் நடுவே நரம்பும் குருதிக்குழாய்களும் பொருந்திய மென்சதை உண்டு. அது வேரிலுள்ள ஒடுங்கிய கால்வாய்களினூடாக நுனிவரை செல்கின்றது. சூத்தை ஆழ்ந்து அச்சதையை எட்டினாற் கிருமிகள் புகுந்து அது அழுகும். அழுகியதை அகற்றிக் கால்வாயைத் துப்புரவு செய்து அடைத்துவிட்டால் பல் பிழைக்கும்.

1838ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்கப் பல்வைத்தியர் எட்வேட் மேனாட் கடிகாரச் சுருள்வில்லைத் தீட்டி இப்பணிக்கு ஒரு கருவி செய்தார். இன்றைய நுண்ணரங்கள் அதன் வழிவந்தவையே. 10ஆம் இலக்க அரத்தின் நுனி 0.10 மில்லிமீற்றர், 25ஆம் இலக்கத்தினது 0.25 மில்லிமீற்றர். வைத்தியர் சிறியதில் தொடங்கிப் படிப்படியாகப் பெரியதற்குச் செல்வார். பருமனான உருக்கரம் எளிதில் வளையாது. வளைந்த வேரில் வழிதவறிச் சுவரைத் துளைத்தலும் உண்டு. ஆதலால் நன்கு வளைந்துகொடுக்கும் நிக்கல்-தைத்தேனியக் கலப்புலோக அரத்தை ஆய்வாளர் சிலர் 1988இல் அறிமுகஞ் செய்தனர்.

எனினும், அரம் மட்டும் போதாது. கால்வாய் நேரான குழாயன்று. கிளைகளும் இடுக்குகளும் உடையது. அரம் சுழன்ற பின்னரும் சுவரின் மூன்றிலொரு பங்குக்கு மேல் தீண்டப்படாதிருந்ததை 2001இல் வெளியான நுண்கதிர்ப்பட ஆய்வொன்று காட்டிற்று. வாயொடுங்கிய போத்தலில் தூரிகை எட்டாத மூலையை நீர்விட்டுக் குலுக்கிக் கழுவுகிறோமல்லவா? அவ்வாறே வைத்தியரும் சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசலைச் செலுத்துகிறார். அது கிருமிகளைக் கொல்லும். இறந்த சதையையுங் கரைக்கும். உமிழ்நீர் பல்லினுட் புகாமலும், மருந்தோ கருவியோ தொண்டைக்குட் செல்லாமலும் மெல்லிய இறப்பர்த் திரையொன்று பல்லைச் சூழ விரிக்கப்படும். இம்முறையை 1864இல் கண்டவர் சான்போட் பார்னம் என்னும் அமெரிக்கப் பல்வைத்தியர்.

இவ்வளவு நுண்ணிய பணி சிலவேளை ஒரே நாளில் முடிவதில்லை. இடையில் இடப்படும் தற்காலிக அடைப்பு நாளடைவில் தேயும்; தேய்ந்தாற் கிருமிகள் மீண்டும் புகும். கொதி நின்றமையால் நோய் தீர்ந்ததென எண்ணி ஏமாறலாகாது. வைத்தியர் குறித்த நாளிற் சென்று, நிலையான அடைப்பு இடப்படும்வரை சிகிச்சையை நிறைவு செய்தலே பல்லைக் காக்கும் வழியாகும்.